முல்பாகல் பாறைகள்: கோலார் மேட்டின் ஒரு போர்க்களமும் அதன் நினைவும்

கோலார் தங்கவயலுக்கு வடக்கே, பெங்களூரிலிருந்து கோலார் வழியாகக் கிழக்கே இறங்கும் நெடுஞ்சாலையில் முல்பாகல் இருக்கிறது. கன்னடத்தில் 'மூடல பாகிலு', அதாவது கிழக்கு வாசல், என்ற பெயர்தான் பேச்சில் தேய்ந்து முல்பாகல் ஆயிற்று. ஊரை ஒட்டி ஒரே கல்லாக எழும் மலை, அதன் மேல் கோட்டை. அடிவாரத்தில் ஆள் உயரம் முதல் வீட்டு உயரம் வரை கருங்கல் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. 1768 அக்டோபர் 4 ஆம் நாள் இந்தப் பாறைகளின் நடுவே ஹைதர் அலியின் மைசூர்ப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையும் நேருக்கு நேர் மோதின. முதல் ஆங்கில–மைசூர்ப் போரில் மிகக் கடுமையாக நடந்த சண்டைகளுள் இது ஒன்று. ஆனால் இன்று முல்பாகலுக்கு வருகிறவர்களில் மிகச் சிலருக்கே அப்படி ஒரு போர் நடந்தது தெரியும். அந்தப் போரின் கதையும், அது மங்கிப்போன விதமும், அதே வட்டாரத்தில் வேறு சண்டைகள் மறக்கப்படாமல் இருக்கும் காரணமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

கிழக்கு வாசல்

கோலார் மேடு படைகள் நடந்து பழகிய நிலம். கிழக்கே சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏற வேண்டுமானால் மொகிலி, ஆம்பூர் போன்ற சில கணவாய்களே வழி. அவற்றில் ஏறி வரும் படைக்குத் தண்ணீரும் தீவனமும் கொடுக்கும் முதல் ஏரிகள் பேத்தமங்கலம், முல்பாகல், கோலார் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் இந்த மேட்டை வைத்திருந்தவர்களுக்கு அது காவல் அரண், பிடிக்க வந்தவர்களுக்கு முதல் படி.

கங்க அரசர்கள் தங்களைக் குவளாலபுரத்தின் தலைவர்கள் என்றே விருதுப்பெயரில் சொல்லிக்கொண்டார்கள். குவளாலபுரம் என்பது கோலார். பாணர், நொளம்பர் சண்டைகளுக்குப் பிறகு சோழர்கள் ஏறி வந்தனர். அவர்கள் காலத்தில் இப்பகுதி 'நிகரிலி சோழ மண்டலம்' என்று பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் ராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஒய்சளர், விசயநகரத்தார், பீசப்பூர்ச் சுல்தான்கள், முகலாயர், மராட்டியர் என ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது. முகலாயரின் சிரா சுபேதாரிடம் வேலை பார்த்த பதே முகமதுக்கு, இன்றைய தங்கவயலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பூதிக்கோட்டை சாகீராகக் கிடைத்தது. அங்கே 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த மகன்தான் ஹைதர் அலி. ஆக 1768 இல் முல்பாகலில் நடந்தது, ஹைதருக்குத் தன் சொந்த மண்ணின் வாசலில் நடந்த சண்டை.

1768

போரின் வேர் ஐதராபாத்தில் இருந்தது. வட சர்க்கார் மாவட்டங்களைப் பெறுவதற்காக 1766 இல் நிசாம் அலியுடன் உடன்படிக்கை செய்த கம்பெனி, பதிலுக்கு அவருக்குப் படை உதவி தர ஒப்புக்கொண்டது. அந்த உதவி மைசூருக்கு எதிராகத் திரும்பியது. அடுத்த ஆண்டே நிசாம் கட்சி மாறி ஹைதரோடு சேர்ந்தார். இருவரின் படைகளும் தமிழகத்தில் இறங்கிச் செங்கம், திருவண்ணாமலை ஆகிய இடங்களில் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்திடம் 1767 செப்டம்பரில் தோற்றன. 1768 தொடக்கத்தில் நிசாம் கம்பெனியோடு தனியே சமாதானம் செய்துகொண்டார். ஹைதர் மேற்குக் கரையில் பம்பாய்ப் படையைத் துரத்தப் போயிருந்த நேரத்தில், கம்பெனிப் படைகள் கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் பிடித்துக்கொண்டு கோலார் மேட்டுக்கு ஏறின.

முல்பாகல் கோட்டை அந்தக் கோடையில் சண்டையில்லாமல் கைமாறியது. வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் தரும் விவரப்படி, கோட்டைக்குப் புதிதாகச் சேர்க்கும் ஆட்கள் என்ற பெயரில் கம்பெனிச் சிப்பாய்கள் உள்ளே நுழைந்தனர். சுபேதார் வேடமிட்ட வெள்ளை அதிகாரி ஒருவரே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் சில மாதங்களில் அதே கோட்டை ஹைதரிடம் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்த கம்பெனிக் காவலை எடுத்துவிட்டு ஆற்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்களை வைத்ததே அதற்குக் காரணம். அப்போது நவாபும், கம்பெனியின் சென்னைச் சபை அனுப்பிய பிரதிநிதிகளும் கோலாரில் முகாமிட்டு, படைத்தலைவர்களின் வேலையில் குறுக்கிட்டு வந்தனர். இந்தப் போரில் கம்பெனி பட்ட பல அடிகளுக்கு அந்த இரட்டைத் தலைமைதான் முதல் காரணம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கோட்டையை மீட்க வந்தவர் கம்பெனியின் கர்னல் வுட். கீழ்க்கோட்டை அவர் கைக்கு வந்தது. மலை மேலிருந்த கோட்டையை இரவில் ஏணி வைத்து ஏற முயன்றபோது அவர் ஆட்கள் விரட்டப்பட்டனர். மறுநாள் காலை, அவருடைய முன்காவல் ஒன்றை ஹைதரின் குதிரைப்படை சூழ்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. வந்திருப்பது சிறு படை என்று எண்ணிய வுட், இரண்டு பிரிவுச் சிப்பாய்களையும் இரண்டு பீரங்கிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு காப்பாற்றப் புறப்பட்டார். முன்காவலை எட்டிய பிறகே தன்னைச் சுற்றி நின்றது முழு மைசூர்ப் படை என்பது அவருக்குத் தெரிந்தது.

அங்கிருந்து பின்வாங்கும்போது நடந்ததுதான் முல்பாகல் போர். பாறைகளுக்கு இடையே அணிவகுத்து நிற்க இடமில்லை. குதிரைப்படைக்குப் பாய்ந்து வர வழியில்லை, காலாட்படைக்கு வரிசை பிடித்துச் சுட வாய்ப்பில்லை. பத்துப் பேர், இருபது பேர் என்று ஒவ்வொரு பாறை இடுக்கிலும் தனித்தனிச் சண்டையாக அது உடைந்தது. எண்ணிக்கையில் மிகுந்த ஹைதரின் படை ஒவ்வொரு பாறையாகப் பிடித்து முன்னேறியது. வுட்டின் மற்றப் பட்டாளங்கள் உதவிக்கு வந்து சேர்ந்தும் நிலைமை மாறவில்லை.

மாற்றியது ஒரு கூச்சல். முகாமில் சாமான்களுக்கும் நோயாளிகளுக்கும் காவலாக நான்கு பிரிவுச் சிப்பாய்களுடன் விடப்பட்டிருந்தவர் கேப்டன் புரூக். அவர் மறைவான ஒரு வழியில் இரண்டு பீரங்கிகளை இழுத்துச் சென்று, தட்டையான ஒரு பாறையின் உச்சியில் ஏற்றினார். அந்தப் பாறை ஹைதரின் இடதுபுறத்தைப் பார்த்திருந்தது. நடக்க முடிந்த நோயாளிகளும் காயம்பட்டவர்களும்கூட உடன் சென்றனர். பீரங்கிகள் வெடித்த அதே கணத்தில் எல்லோரும் சேர்ந்து தொண்டை கிழிய "ஸ்மித்! ஸ்மித்!" என்று கத்தினார்கள். கர்னல் ஸ்மித்தின் பெரும்படை வந்துவிட்டது என்று இரு தரப்பும் நம்பின. மைசூர்ப் படை பின்னடைந்தது, வுட்டின் ஆட்கள் மூச்சுவிட்டு ஒழுங்குக்கு வந்தனர். உண்மை தெரிந்து ஹைதர் மீண்டும் தாக்கியபோது அவர்கள் தாக்குப்பிடிக்கும் இடத்தில் இருந்தார்கள். இருட்டியதும் சண்டை நின்றது. கம்பெனித் தரப்பில் 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். ஹைதரின் இழப்பை ஆயிரம் என்று மதிப்பிட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அந்த எண்ணைச் சரிபார்க்க மைசூர்த் தரப்புக் கணக்கு எதுவும் கைவசம் இல்லாததால், அதை மதிப்பீடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வென்றது யார் என்ற கேள்விக்கு நேரான விடை இல்லை. களத்தில் கடைசிவரை நின்றவர் வுட். ஆனால் மலைக்கோட்டை ஹைதரிடமே இருந்தது. அடுத்த மாதமே ஓசூரைக் காக்கப் போன வுட், பாகலூரில் விட்டுச் சென்ற தளவாடங்களை ஹைதரிடம் இழந்து பதவியும் இழந்தார். 1769 மார்ச்சில் ஹைதர் குதிரைப்படையுடன் மின்னல் வேகத்தில் சென்னையின் வாசலில், பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன. பாறைக்குப் பாறை சண்டையிட்டு இத்தனை பேர் மாண்டதற்குப் பிறகு, முல்பாகல் எந்த அரசிடம் இருந்ததோ அதனிடமே போய்ச் சேர்ந்தது.

எழுதி வைத்தவர்கள்

இந்தச் சண்டையைப் பற்றி இன்று பேசப்படும் ஏறக்குறைய எல்லா விவரமும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. அது மார்க் வில்க்ஸ் எழுதிய தென்னிந்திய வரலாறு. மைசூரில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த வில்க்ஸ், அதன் முதல் தொகுதியை 1810 இலும் மற்றவற்றை 1817 இலும் வெளியிட்டார். அவர் எழுதிய காலத்தில் போரைக் கண்ட கிழவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள், அரசு ஆவணங்களும் கைக்கு எட்டின. அந்த வகையில் அவர் நம்பத்தக்கவர். ஆயினும் புரூக்கின் தந்திரத்தை அவர் விவரிக்கும் அழகில் ஒரு குறை உண்டு. பீரங்கியைப் பாறை மேல் இழுத்த கைகள் யாருடையவை என்று அவர் சொல்லவில்லை. கத்தியவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய மதராஸ் சிப்பாய்கள். தங்கள் மொழியில் இல்லாத ஒரு பெயரைக் கத்தித் தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட அவர்களில் ஒருவர் பெயர்கூட அந்த விவரணையில் இல்லை.

மைசூர்த் தரப்பில் ஹைதரின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவர் மீர் உசேன் அலி கான் கிர்மானி. அவருடைய 'நிஷான்-இ-ஹைதரி'யை 1842 இல் வில்லியம் மைல்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கிர்மானியிடம் ஹைதரின் அரசவை வாசம் உண்டு. ஆண்டும் நாளும் அடிக்கடி தடம் மாறும். ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் மேத்ர் த லா தூர் 1783 இல் வெளியிட்ட நூல், அவரை ஐரோப்பாவுக்கு ஒரு வீரனாக அறிமுகம் செய்தது. ஹைதரோ எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் போர்களைப் பற்றித் தானே ஒரு வரியும் விட்டுச் செல்லவில்லை. இப்படியாக முல்பாகலின் கதை, இரு தரப்பும் சமமாகப் பேசும் கதையாக அமையாமல், ஒரு தரப்பு அதிகாரியின் நினைவாகவே அச்சில் நிலைத்தது.

கல்லில் நின்ற நினைவு

இந்த மேட்டுக்கு அதைவிடப் பழைய நினைவு மரபு ஒன்று உண்டு. கோலார் மாவட்டம் முழுவதும் ஏரிக்கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. கன்னடத்தில் வீரகல்லு. கங்கர், பாணர், நொளம்பர் காலச் சண்டைகளிலும், மாடு கவர்ந்த பூசல்களிலும் செத்தவர்களுக்கு எழுப்பியவை அவை. பி. எல். ரைஸ் 1905 இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இத்தகைய கற்கள் ஏராளம். கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் அதில் உண்டு.

நடுகல்லின் முறை மிக நேரானது. செத்தவன் பெயர், யாருடைய மகன், எந்த ஊர்ச் சண்டை, யாருக்காக விழுந்தான். மேலே அவன் வில்லோடோ வாளோடோ நிற்கும் உருவம். அத்தோடு குடும்பத்துக்கு நிலம் கொடுத்த செய்தியும் இருக்கும். தமிழ்க் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்றும், கன்னடத்தில் நெத்தருகொடகெ என்றும் அந்த மானியத்துக்குப் பெயர். இரண்டுக்கும் பொருள் இரத்தத்துக்குக் கொடுத்த நிலம். அந்த நிலத்தை உழுகிறவர்கள் இருக்கும்வரை கல்லுக்கு எண்ணெய் வைக்கவும் ஆள் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமத்துக் காவலாளியின் பெயர் இந்த மண்ணில் கிடைக்கிறது. 1768 இல் வீழ்ந்த 229 பேரின் பெயர் கிடைக்கவில்லை. நினைவுக்கு நிலத்தையும் ஊரையும் பொறுப்பாக்கிய பழைய முறை, பட்டாளச் சம்பளம் வந்த பிறகு அறுந்துபோனது. முல்பாகல் மறக்கப்பட்டதன் மூலகாரணம் இதுவே.

புராணச் சண்டைகளுக்கோ அந்தக் கதி நேரவில்லை. முல்பாகலுக்கும் தங்கவயலுக்கும் இடைப்பட்ட ஆவணி மலையை வால்மீகி ஆசிரமம் இருந்த இடம் என்றும், லவனும் குசனும் பிறந்து வளர்ந்து இராமனின் படையோடு பொருத இடம் என்றும் மக்கள் சொல்கிறார்கள். நொளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் கோயில் தொகுதியில் இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கனன் பெயர்களில் தனித்தனிச் சன்னதிகள் இருக்கின்றன. கோலார் என்ற பெயருக்கும் ஒரு போர்க் கதை உண்டு. பரசுராமன் கார்த்தவீரியார்ச்சுனனைக் கொன்றபோது எழுந்த 'கோலாகலம்', அதாவது பேரிரைச்சல், ஊர்ப்பெயர் ஆனதாம். பெயராய்வு இதை ஏற்காது, குவளாலபுரமே பழைய வடிவம். ஆனால் பேரிரைச்சலால் பெயர் பெற்றதாக நம்பப்படும் மேட்டில், ஒரு பேரிரைச்சலால் திசை மாறிய உண்மைப் போர் நினைவில் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது. புராணப் போருக்குத் தேரும் திருவிழாவும் இருக்கின்றன. அந்த நினைவை ஆண்டுதோறும் ஒருமுறை உயிர்ப்பிக்கும் கடமை யாருக்கோ இருக்கிறது.

இன்று முல்பாகலுக்கு மக்கள் வருவதும் வேறு காரணங்களுக்காகவே. அங்கே ஹைதர் வலி என்ற சூபி ஞானியின் தர்கா இருக்கிறது. பெயர் ஒற்றுமையால் அரசர் ஹைதரோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இருவரும் வேறு வேறு ஆட்கள். ஊரில் ஆஞ்சநேயர் கோயிலும், அருகே விரூபாட்சர் கோயிலும், நரசிம்ம தீர்த்தத்தில் மாத்வ மகான் ஸ்ரீபாதராசரின் மடமும் இருக்கின்றன. அப்புறம் முல்பாகல் தோசை. போருக்கென்று பரவலாக அறியப்பட்ட நினைவுச் சின்னம் எதுவும் இல்லை.

ஹைதரின் நினைவும் அரசியலும்

போரின் நினைவு மங்கினாலும் ஹைதரின் நினைவு வட்டாரத்தில் மங்கவில்லை. பூதிக்கோட்டையில் அவர் பிறந்த இடம் என்று ஒரு மனை காட்டப்படுகிறது. கோலார் நகரில் அவருடைய தந்தையும் குடும்பத்தாரும் அடங்கிய மக்பரா இருக்கிறது. 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்தபோது, மகன் திப்பு மேற்குக் கரையில் இருந்தார். செய்தி கசிந்தால் படை கலைந்துவிடும் என்று அஞ்சிய அமைச்சர்கள், உடலைப் பெட்டியில் வைத்துக் கருவூலப் பொருள் போல இரகசியமாகக் கோலாருக்கு அனுப்பித் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகே அது ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸ் கல்லறை மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. முல்பாகல் வாசல் வழியாகவே அந்தக் கடைசிப் பயணமும் நடந்திருக்கும், கிழக்கிலிருந்து கோலாருக்கு ஏற அதுவே பெருவழி. அதே வழியில்தான் 1791 பிப்ரவரியில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் மொகிலிக் கணவாய் ஏறி, முல்பாகலையும் கோலாரையும் எதிர்ப்பின்றிப் பெற்று, பெங்களூரை நோக்கிச் சென்றார்.

கர்நாடகத்தின் பொது நினைவில் ஹைதர் மகனின் நிழலில் மறைகிறார். 2015 முதல் மாநில அரசு கொண்டாடிய திப்பு செயந்தி, 2019 இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. அந்தச் சச்சரவில் திப்பு நாயகனா கொடுங்கோலனா என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அவர் படையிலும் எதிர்ப்படையிலும் நின்ற குடியானவர்கள் யார், அவர்கள் ஊர்கள் எவை என்ற ஆய்வுக்கு அந்த வாதத்தில் இடமே இல்லாமல் போய்விட்டது. நினைவு என்ற பெயரில் நடக்கும் இத்தகைய கட்சி வழக்கு, போர்க்களங்களைப் பற்றிய அறிவை ஓர் அங்குலமும் வளர்க்கவில்லை.

பிற களங்கள்

இதே போர்களின் பிற களங்களை ஒப்பிட்டால் முல்பாகலின் நிலை இன்னும் தெளிவாகும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், தமிழ்ப் பெயரில் புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். வென்றவர்களிடம் ஓவியர்கள் இருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றி முழுதாகத் தீட்டப்பட்டது. அதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய, சுமார் 32 அடி நீள ஓவியம் ஒன்று 2022 இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. புள்ளலூர்க் கிராமத்திலோ அடுத்த ஆண்டு அதே இடத்தில் நடந்த இரண்டாம் சண்டையில் இறந்த இரு வெள்ளை அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயல் நடுவே நிற்கின்றன. அரசனும் அதிகாரியும் நினைக்கப்பட்டார்கள், சிப்பாய் அங்கேயும் விடுபட்டார்.

1767 இறுதியில் ஹைதரின் முற்றுகையைத் தாங்கி நின்ற ஆம்பூர்க் கோட்டைக்கு, 'ஆம்பூர்' என்ற போர் விருதே மதராஸ் படைப்பிரிவின் கொடியில் ஏறியது. முல்பாகலுக்கு அப்படி ஒரு விருது இல்லை. கைவிட்டுப்போன கோட்டையின் அடிவாரத்தில் உயிர் தப்பிய கதையைக் கொடியில் எழுத எந்தப் பட்டாளமும் விரும்பாது.

மகாராட்டிரத்தின் கோரேகாவ் இதற்கு நேர்மாறு. 1818 சனவரி 1 அன்று பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிச் சிப்பாய்களுக்குக் கம்பெனி தன் பெருமைக்காகவே தூண் எழுப்பியது. ஆனால் அதில் 49 பெயர்களைப் பொறித்தது. அவற்றில் 22 மகார் பெயர்கள். 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே சென்ற பின், அந்தப் பெயர்களைத் தங்கள் முன்னோர் என்று உரிமை கொண்டாடிய தலித் மக்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கூடுகிறார்கள். தூணை எழுப்பியவரின் நோக்கம் ஒன்று, அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. பெயர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

தங்கவயலின் சொந்தக் களம்

கோலார் தங்கவயல் என்ற நகரமே இந்தப் போர்களின் பின்விளைவு. 1799 இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லைகளை அளக்கக் காலின் மெக்கன்சியின் குழு வந்தது. அதில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802 இல் கிழக்கு எல்லையை அளக்கும்போது, உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பு எழுதினார்.   அந்தக் குறிப்பைப் படித்து 1870களில் உரிமம் கேட்டு வந்த மைக்கேல் லாவெல், நியூசிலாந்துப் போரில் பங்கெடுத்த அயர்லாந்துச் சிப்பாய். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்தியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி வெட்டினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

இந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு போர்க்களத்தையும் ஒரு நினைவு நாளையும் உருவாக்கிக்கொண்டார்கள். 1930 இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940களில் கே. எஸ். வாசன் போன்ற பொதுவுடைமைத் தலைவர்களின் கீழ்ச் சங்கம் வலுப்பெற்றது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்குத் தங்கவயலில் நினைவிடம் உண்டு. நவம்பர் 4 தியாகிகள் நாளாக நினைக்கப்படுகிறது. சுரங்கமே மூடிய பிறகும், வேலை தேடித் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளின் காலத்திலும், அந்த நாள் தவறவில்லை. ஆறு பேர் செத்த களத்துக்கு நினைவு நாள் இருக்கிறது; நூற்றுக்கணக்கானவர் வீழ்ந்த முல்பாகலுக்கு இல்லை. நடுகல்லுக்கு உதிரப்பட்டி நிலம் செய்த வேலையைத் தங்கவயலில் சங்கமும் தெருவும் செய்தன.

இதற்கிடையே திரைப்படங்கள் புதிய போர்களைக் கற்பித்திருக்கின்றன. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த 'கே.ஜி.எஃப்' படங்கள் ஊர்ப்பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அவற்றில் வரும் அடிமைச் சுரங்கமும் சண்டைகளும் முழுக் கற்பனை. சங்கம் வைத்து நிர்வாகத்தை எதிர்த்து நின்ற உண்மைத் தொழிலாளர்களை, ஒரு வீரன் வந்து மீட்க வேண்டிய ஊமைக் கூட்டமாக அவை மாற்றிவிட்டது அநியாயம். 2024 இல் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' தொன்மத்தோடு கலந்து சொன்னாலும், பொன்னைத் தேடிப் போன வட ஆற்காட்டு மக்களையே நடுவில் வைத்தது. அந்த வகையில் அது ஊரின் நினைவுக்கு நெருக்கமானது.

முல்பாகல் களத்துக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. சென்னை ஆவணக் காப்பகத்தில் மதராஸ் படையின் பழைய பதிவுகள் இருக்கின்றன. தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் 1768 ஆம் ஆண்டுக் கட்டுகளைத் தேடி, எந்தெந்தப் பட்டாளங்கள் அங்கே நின்றன, அவற்றில் இருந்த சுபேதார்களும் ஜமேதார்களும் யார் என்று பார்க்கலாம். புரூக் பீரங்கியை ஏற்றிய தட்டைப் பாறை எது என்பதை வில்க்ஸின் விவரணையை வைத்துக் களத்தில் நடந்து அடையாளம் காண முயலலாம். கல்லுடைப்பும் வீட்டுமனைகளும் அந்தப் பாறைகளை எட்டுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். கர்நாடகத் தொல்லியல் துறை மலையடிவாரத்தில், இரு படைகளிலும் நின்றவர்கள் பேசிய கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளிலும் ஒரு கல் நட வேண்டும். கிடைக்கிற பெயர்கள் எத்தனை குறைவாக இருந்தாலும் அவற்றை அதில் பொறிக்க வேண்டும்.